நீலம் பூசிக்கொண்டவர்கள்: 'அவதார்' படத்தை யார் யார் எப்படிப் பார்த்தார்கள்



தோழரின் நினைவுச் சொற்பொழிவுக்கு என்ன பொருளில் பேசப்போகிறீர்கள் என்று அமைப்பாளர்கள் தொலைபேசியில் கேட்டபோது, 'அவதார்' என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "தசாவதாரத்தைப் பற்றியா?" என்றார்கள். இல்லை, இங்கிலீஷ் படம் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பஞ்சமி நிலம், கல்வி, ஆணவக் கொலை என்று பேச எவ்வளவோ இருக்க, ஹாலிவுட் படத்துக்கு இந்த மேடை எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் முதலில் கேட்ட தசாவதாரத்துக்கும் பிறகு வருகிறேன். அதுவும் தொடர்பில்லாதது இல்லை.

படத்தை விமர்சிக்க நான் வரவில்லை. ஒரு படத்தைப் பார்த்த மக்களின் வரலாறு ஒன்று உண்டு. நமது சினிமா எழுத்தில் அது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. நூறு நாள் ஓடியதா, எவ்வளவு வசூல் என்பதோடு பார்வையாளரின் கணக்கு முடிந்துவிடுகிறது. நிலத்தைப் பறிகொடுத்தவர்களும், பறிகொடுத்துக்கொண்டே இருந்தவர்களும் 'அவதார்' படத்தை எப்படிப் பார்த்தார்கள், அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் இன்று என் பேச்சு.

ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய 'அவதார்' 2009 டிசம்பர் 18 அன்று வெளியானது. செலவு 23.7 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,100 கோடி ரூபாய். மறுவெளியீடுகளையும் சேர்த்து இதுவரை 290 கோடி டாலருக்கு மேல் ஈட்டியிருக்கிறது. உலகில் அதிகம் வசூலித்த படம் அதுதான்.

மாணவத் தோழர்களில் சிலர் அதைச் சின்ன வயதில் பார்த்திருக்கலாம், கதை மறந்திருக்கலாம். 2154ஆம் ஆண்டு. பண்டோரா என்ற ஒரு நிலா. அங்கே பத்தடி உயரமும் நீலத்தோலும் வாலும் கொண்ட நாவி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் குடியிருக்கும் மாபெரும் மரத்தின் அடியில் விலைமதிப்பற்ற கனிமம் இருக்கிறது. பூமியிலிருந்து ஒரு சுரங்கக் கம்பெனி கூலிப்படையோடு வருகிறது. கால் செயலிழந்த முன்னாள் படைவீரன் ஜேக், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஒரு நாவி உடலுக்குள் தன் மனத்தைச் செலுத்தி அந்த மக்களிடையே உளவு பார்க்க அனுப்பப்படுகிறான். அந்த உடலுக்குத்தான் 'அவதார்' என்று பெயர். போனவன் தலைவரின் மகளைக் காதலிக்கிறான், கட்சி மாறுகிறான், படைதிரட்டுகிறான், கம்பெனியை விரட்டுகிறான். கடைசியில் நீல உடலிலேயே தங்கிவிடுகிறான்.

படம் தமிழிலும் டப் செய்யப்பட்டு வந்தது. முப்பரிமாணக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, "விட்டலாச்சார்யா படத்தைக் காசு போட்டு எடுத்திருக்கான்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் பிறகு எங்கும் படிக்கவில்லை. அமெரிக்காவில் தியேட்டர் வாசலில் டிக்கெட் வாங்கியவர்களிடம் சீட்டுக் கொடுத்து மதிப்பெண் கேட்கும் வழக்கம் உண்டு. 'அவதார்' அங்கே 'ஏ' வாங்கியது. பூமி பண்டோரா மாதிரி இல்லையே என்று படம் பார்த்த சிலர் மனச்சோர்வுக்கு ஆளானதாக 2010 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி செய்தி சொன்னது. நான் கேலி செய்யவில்லை. ஆனால் வேறு ஒரு கூட்டம் அதே வாரங்களில் அதே படத்தை வேறு விதமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேற்குக் கரையில் ரமல்லாவுக்கு மேற்கே பிலின் என்றொரு பாலஸ்தீனச் சிற்றூர். இஸ்ரேல் கட்டிய பிரிவினைத் தடுப்பு அந்த ஊரின் விளைநிலத்தில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் போட்டுவிட்டது. 2005 முதல் வெள்ளிக்கிழமைதோறும் ஊரார் தடுப்பை நோக்கி ஊர்வலம் போனார்கள். 2007இல் தடுப்பின் பாதையை மாற்ற வேண்டும் என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தும் எதுவும் நடக்கவில்லை. 2010 பிப்ரவரி 12 வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் சிலர் உடம்பெல்லாம் நீலம் பூசி, கூர்க்காது ஒட்டி, வால் கட்டிக்கொண்டு வந்தார்கள். கண்ணீர்ப்புகைக் குண்டு வழக்கம்போல வந்தது. நீலம் பூசியவர்கள் புகைக்குள் ஓடும் படங்கள் உலகம் முழுக்கப் போயின. ஐந்து ஆண்டு ஊர்வலங்களை எட்டிப் பார்க்காத பத்திரிகைகள் அந்த ஒரு வாரம் எட்டிப் பார்த்தன. 2011இல் தடுப்பு ஓரளவு நகர்த்தப்பட்டது. அது நீலச்சாயத்தால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். தீர்ப்பும் ஆண்டுக்கணக்கான ஊர்வலமும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. நான் கவனித்தது வேறொன்று. அந்தப் புகைப்படங்களில் இருப்பது நாவி மக்கள். படைவீரன் ஜேக்காக வேடம் கட்டியவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

சீனாவில் படம் 2010 ஜனவரி தொடக்கத்தில் வெளியானது. கூட்டம் அலைமோதியது. அங்கே கட்டுமானக் கம்பெனிக்கும் உள்ளாட்சிக்கும் வீட்டை விட்டுக்கொடுக்க மறுக்கும் குடும்பத்தை 'ஆணி வீடு' என்பார்கள். பலகையில் பிடுங்க முடியாமல் நிற்கும் ஆணி. 2007இல் சோங்சிங் நகரில் சுற்றிலும் பத்து மீட்டர் ஆழத்துக்கு வெட்டிய பள்ளத்தின் நடுவே மண்மேட்டில் ஒற்றை வீடாக ஒரு தம்பதி நின்ற படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். சீனப் பார்வையாளர்கள் நாவிகளின் மரம் விழும் காட்சியில் அந்த வீட்டைத்தான் பார்த்தார்கள். இப்படிக் கட்டாயமாக வீட்டை இடிப்பதெல்லாம் வேற்றுக்கிரகத்திலும் சீனாவிலும்தான் நடக்கும் என்னும் பொருளில் எழுத்தாளர் ஹான் ஹான் எழுதினார். ஜனவரி இறுதியில் படத்தின் சாதாரண இருபரிமாணப் பிரதிகள் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டன. வணிகக் காரணம் என்றார்கள் அதிகாரிகள். வந்த இடத்தில் கன்ஃபூசியஸ் வாழ்க்கைப் படம் ஓடியது. முப்பரிமாணப் பிரதிகளைத் தொடவில்லை. அதற்கான திரைகள் குறைவு, டிக்கெட் விலையும் அதிகம். அதே மாதம் ஹூனான் மாகாணத்தின் சாங்ஜியாஜியே மலையில் ஒரு பாறைத்தூணுக்கு 'அவதார் அல்லேலூயா மலை' என்று பெயர் மாற்றிச் சுற்றுலாவுக்கு ஆள் அழைத்தார்கள். வீடிழந்தவன் படம் பார்ப்பது சிக்கல், சுற்றுலாப் பயணி வருவது லாபம்.

பொலிவியாவின் அன்றைய அதிபர் ஏவோ மொராலெஸ், தாமே அய்மாரா பழங்குடியினர், படத்தை முதலாளியத்துக்கு எதிரான எதிர்ப்பின் சித்திரம் என்று பாராட்டினார். ஈக்வடாரில் எண்ணெய்க் கம்பெனிகளோடு போராடும் அமேசான் பழங்குடித் தலைவர்கள் சிலர் கீத்தோ நகரில் அதைப் பார்த்தார்கள். எங்கள் கதை மாதிரியே இருக்கிறது என்ற குரலும், வெளியிலிருந்து வந்த வெள்ளைக்காரன்தான் இதிலும் காப்பாற்றுகிறான் என்ற குரலும் ஒரே அரங்கிலிருந்து வந்தன.

இரண்டாவது குரலைத்தான் அமெரிக்க விமர்சகர்களும் பிடித்துக்கொண்டார்கள். 2010 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் டேவிட் புரூக்ஸ் இது வெள்ளை இரட்சகன் கதை என்று எழுதினார். சரியான விமர்சனம். நாவிகளாக நடித்தவர்களைப் பாருங்கள். ஸோயி சல்தானா, சி. சி. எச். பவுண்டர், லாஸ் அலோன்சோ, செரோக்கி இனத்தவரான வெஸ் ஸ்டூடி. கறுப்பினத்தவரும் பூர்வகுடியினரும் தங்கள் முகத்தை நீலத்துக்குப் பின்னால் கொடுக்க, அவர்களுக்குத் தலைமையேற்பவன் வெள்ளையன். ஆனால் அந்த விமர்சனம் திரையோடு நின்றுவிட்டது என்பது என் குறை. பிலினிலும் சோங்சிங்கிலும் இருந்தவர்கள் கதாநாயகனைக் கழற்றி வைத்துவிட்டு மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கதை சொன்னவன் கொடுத்தது ஒன்று, கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது வேறொன்று. கூத்தில் கட்டியங்காரனின் ஒற்றை வசனத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களின் பிள்ளைகள் நாம். நமக்கு இது புதிதில்லை.

தசாவதாரத்துக்கு வருகிறேன். 1873இல் மகாத்மா ஜோதிராவ் புலே மராத்தியில் 'குலாம்கிரி' எழுதினார். தோண்டிபாவும் ஜோதிராவும் பேசிக்கொள்ளும் உரையாடல் அது. அதில் புலே அவதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிக்கிறார். மீனும் ஆமையும் கடல்வழி வந்த படையெடுப்பாளர்கள். நரசிம்மம் என்பது வேடமிட்டு உள்ளே புகுந்து செய்த கொலை. வாமனன் பலிராஜாவின் நாட்டைப் பிடித்தவன். மேலேயிருந்து இறங்கி வந்தவரைக் கடவுள் என்று சொல்லும் கதையை, கீழே நின்றவனின் கண்ணிலிருந்து புலே திருப்பிப் படித்தார். மூன்றடி மண் கேட்டு வந்து முழு நாட்டையும் எடுத்துக்கொண்ட கதைக்கு இன்றைய வருவாய்த்துறை மொழியில் நிலம் கையகப்படுத்தல் என்று பெயர். அதே தலைமுறையை ஒட்டி இங்கே அயோத்திதாசப் பண்டிதர் புராணங்களைத் திருப்பிப் படித்ததையும் இந்த அவைக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

'குலாம்கிரி'யை அமெரிக்க மக்களுக்குத்தான் புலே அர்ப்பணித்தார், அடிமைமுறையை ஒழித்ததற்காக. அந்த அமெரிக்காவிலிருந்து 136 ஆண்டு கழித்து அதே சொல்லைத் தலைப்பாகக் கொண்டு ஒரு படம் வந்தது. அதிலும் அவதாரம் என்பது வேற்று உடலுக்குள் புகுந்து வரும் ஆள்தான், உளவு பார்க்கத்தான் வருகிறான். இந்த அளவுக்குப் புலே சொன்னதே திரையில் ஓடியது. வந்தவன் நல்லவனாகிவிடுவதில்தான் வேறுபாடு.

அந்த நல்லவனைப் படைத்தவர் என்ன நினைத்திருந்தார்? 2010 வசந்தத்தில் கேமரூன் பிரேசிலின் ஷிங்கு ஆற்றங்கரைக்குப் போனார். பெலோ மோன்ட்டே அணையை எதிர்த்த பழங்குடிகளோடு நின்றார். அணை கட்டப்பட்டது, 2016 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தப் பயணத்தின்போது கார்டியன் இதழிடம் அவர் சொன்ன ஒன்று 2022 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. வட அமெரிக்காவின் லக்கோட்டா மக்களைக் குறித்து, தங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தை அன்றே பார்த்திருந்தால் இன்னும் கடுமையாகப் போராடியிருப்பார்கள் என்றும், அவர்கள் முட்டுச்சந்தில் நிற்கும் சமூகம் என்றும் பொருள்படப் பேசியிருந்தார். பூர்வகுடி அமைப்பினர் சிலர் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள்.

லக்கோட்டாக்கள் போராடவில்லையா? 1868 ஒப்பந்தம் கருங்குன்றுகளை அவர்களுக்கென்று ஒதுக்கியது. 1874இல் அங்கே தங்கம் இருப்பது தெரிந்தது. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கக் குதிரைப்படையின் தளபதி கஸ்டரை அவரது பிரிவோடு வீழ்த்தினார்கள். மறு ஆண்டே சட்டம் போட்டுக் குன்றுகள் பறிக்கப்பட்டன. 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீயில் பெண்களும் குழந்தைகளுமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பறிப்புக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 10 கோடி டாலருக்கு மேல் விதித்தது. வட்டியோடு அந்தத் தொகை இன்று 100 கோடியைத் தாண்டிவிட்டது. வறுமையில் இருக்கும் அந்த மக்கள் அதை வாங்க மறுத்துவருகிறார்கள். குன்றுகள் விற்பனைக்கு இல்லை என்கிறார்கள். இதைவிடக் கடுமையாக எப்படிப் போராடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஒடிசாவின் ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் நியமகிரி மலை. வம்சதாரா ஆறு பிறக்கும் இடம். அங்கே வாழும் டோங்ரியா கோண்டுகள் சுமார் 8,000 பேர். மலையுச்சி நியமராஜாவுடையது, அங்கே மரம் வெட்டுவதில்லை. அந்த உச்சியில் சுமார் 7 கோடி டன் பாக்சைட் இருப்பதாகக் கணக்கு. வேதாந்தா குழுமம் அடிவாரத்தில் லாஞ்சிகரில் அலுமினா ஆலையைக் கட்டி முடித்துவிட்டுத்தான் மலையைக் கேட்டது. அடுப்பை மூட்டிவிட்டு அரிசி கேட்பதுபோல. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை நடத்தியதும் இதே குழுமம்தான். 2018 மே 22 அன்று அங்கே போராடியவர்கள் சுடப்பட்டு 13 பேர் இறந்ததால் இந்தப் பெயரை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

2009 ஜனவரியிலேயே நியமகிரி மக்கள் மலையைச் சுற்றி மனிதச் சங்கிலி அமைத்துவிட்டார்கள். படம் வந்தது அந்த ஆண்டு டிசம்பரில். வரிசையைக் கவனியுங்கள். 2010 பிப்ரவரியில் சர்வைவல் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு ஹாலிவுட்டின் 'வெரைட்டி' இதழில் கேமரூனுக்கு வேண்டுகோள் விளம்பரம் கொடுத்தது. உங்கள் படம் கற்பனை, ஆனால் இந்தியாவில் ஒரு மலையில் அது உண்மை என்று சொன்னது. அன்று முதல் டோங்ரியாக்களுக்கு 'நிஜ அவதார் பழங்குடி' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஜூலையில் லண்டனில் வேதாந்தா பங்குதாரர் கூட்டத்தின் வாசலில் நீலம் பூசியவர்கள் நின்றார்கள். இந்த விளம்பரத்தால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. முதலீட்டாளர்களுக்கு உறுத்தியது. இங்கிலாந்துத் திருச்சபை அந்தப் பிப்ரவரியில்தான் தன் பங்குகளை விற்றது. ஆனால் நூறாண்டுகளாக அந்த மலையைப் பாதுகாத்தவர்களைப் புரிந்துகொள்ள, இரண்டு மாதம் முன்பு வந்த படம் தேவைப்பட்டது.

2010 ஆகஸ்ட் 24 அன்று சக்சேனா குழு அறிக்கையின் அடிப்படையில் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வன அனுமதியை மறுத்தார். இரண்டே நாளில் ராகுல் காந்தி லாஞ்சிகருக்கு வந்து, டெல்லியில் உங்கள் சிப்பாய் நான் என்றார். படம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். மறுத்தது நல்லது. ஆனால் ஒரு அமைச்சர் மறுத்ததை இன்னொரு அமைச்சர் கொடுக்கலாம். ஒடிசா சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது.

2013 ஏப்ரல் 18 தீர்ப்பில் நீதிமன்றம் சொன்னது, வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகள் முடிவெடுக்கட்டும், மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் பார்வையாளராக இருக்கட்டும் என்று. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. ஜூலை 18 அன்று செர்க்கபாடியில் முதல் கூட்டம். ஆகஸ்ட் 19 அன்று ஜரபாவில் கடைசிக் கூட்டம். மழைக்காலம், துணை ராணுவக் காவல். மக்கள் தங்கள் மொழியில் எழுந்து பேசினார்கள். தங்கள் தெய்வம் ஏதோ ஒரு சிகரத்தில் மட்டும் இல்லை, மலை முழுவதும் நியமராஜாவுடையது என்றார்கள். 12 ஊர்களும் வேண்டாம் என்றன. ஒரு ஊர்கூட மாறவில்லை. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்தை நிராகரித்தது. கூட்டத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்று 2016இல் ஒடிசா கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

பார்வையாளர் என்ற சொல் இங்கே இடம் மாறிவிட்டதைப் பார்க்கிறீர்கள். தியேட்டரில் நாம் பார்வையாளர். நியமகிரியில் நீதிபதி பார்வையாளர், அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இதோடு முடித்துக்கொண்டால் கைதட்டலோடு இறங்கிவிடலாம். ஆனால் இந்த மேடை தலித் மேடை. நியமகிரியில் நாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்காமல் இறங்க முடியாது.

டோங்ரியா ஊர்கள் பலவற்றில் டோம்ப் மக்களும் குடியிருக்கிறார்கள். பட்டியல் சாதியினர். மலையில் விளையும் மஞ்சளும் அன்னாசியும் சமவெளிச் சந்தைக்குப் போவது பெருமளவு அவர்கள் கை வழியாகத்தான். கொடுக்கல் வாங்கலும் உண்டு, கசப்பும் உண்டு. டோங்ரியாக்கள் அவர்களைத் தங்களுக்குக் கீழாகக் கருதுகிறார்கள். வெளியிலிருந்து வந்து எழுதியவர்கள் பலர் அவர்களைச் சுரண்டும் இடைத்தரகர்களாக மட்டும் எழுதினார்கள். சுரண்டல் நடந்ததே இல்லை என்று நம் ஆள் என்பதற்காக நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் தலைமுறைகளாக அந்த மலையிலேயே பிறந்தும், நிலம் வைத்துக்கொள்ள வழியில்லாதவன் தரகைத் தவிர எதைச் செய்வான்? பழங்குடி நிலம் பிறருக்குக் கைமாறக்கூடாது என்னும் 1956ஆம் ஆண்டின் ஒடிசா ஒழுங்குவிதியில் 'பிறர்' என்பதில் ஜமீன்தாரும் அடக்கம், டோம்பும் அடக்கம். அந்த விதி இல்லாவிட்டால் பழங்குடிகளிடம் ஒரு செண்டும் மிஞ்சியிருக்காது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

பண்டோராவில் டோம்ப் கிடையாது. நாவிகளின் ஊருக்கு ஓரத்தில் தனித்தெரு இல்லை, அவர்கள் செத்ததைத் தூக்க வேறொருவரை வைத்திருக்கவில்லை. கம்பெனி ஒருபுறம், களங்கமற்ற மக்கள் மறுபுறம் என்று கோடு நேராக இருக்கிறது. 'நிஜ அவதார் பழங்குடி' என்ற பெயர் டோங்ரியாக்களுக்குச் சூட்டப்பட்ட கணத்தில், பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள் படத்திலிருந்து வெட்டப்பட்டார்கள். பிலினைப் போலவும் சீனாவைப் போலவும் படத்திலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அதில் எதுவுமே இல்லை.

2006 வன உரிமைச் சட்டத்தில், பழங்குடியல்லாத வனவாசி தன் உரிமையைக் கோர வேண்டுமானால் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1930க்குப் போக வேண்டும். நாட்டின் காடுகள் நெடுகிலும் தலித் குடும்பங்களின் மனுக்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. பெரியவர்களின் வாய்மொழி சாட்சியம் செல்லும் என்று விதி சொன்னாலும், மேசைக்குப் பின்னால் இருப்பவர் தாளைத்தான் கேட்கிறார். ஆனால் அதே சட்டம் கிராம சபை என்றால் ஊரில் வயதுவந்த அனைவரும் என்று வரையறுக்கிறது. மலையைக் கொடுப்பதா வேண்டாமா என்று கேட்கும் கூட்டத்தில் உட்காரவும் கை தூக்கவும் சாதிச் சான்றோ 75 ஆண்டுச் சான்றோ கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை.